முடி கொட்டுகிறது, என்ன செய்யலாம்? கடலோர வாசகர்களின் கேள்விகள்

தொண்டி முதல் சாயல்குடி வரையுள்ள கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் தலைமுடி பற்றியவற்றை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் ஊரும் வயதும் மட்டும் இருக்கும். பதில் சொல்பவர்கள் தோல் மருத்துவர்கள்.

விசைப்படகில் வேலை செய்கிறேன், வயது 24. ஒரு வருடமாக நெற்றி இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டே போகிறது. உச்சியிலும் மண்டை தெரிகிறது. உப்புக்காற்றும் கடல் தண்ணியும்தான் காரணம் என்கிறார்கள். அப்பாவுக்கும் வழுக்கை. கடலுக்குப் போவதை விட்டால் நின்றுவிடுமா? (பாம்பன்)

தொழிலை விட வேண்டாம் தம்பி. விட்டாலும் இது நிற்காது. உப்புத் தண்ணீர் முடியின் வெளிப்பகுதியை உலர்த்தும், சொரசொரப்பாக்கும், நுனியைப் பிளக்கும். தோலுக்கு உள்ளே இருக்கும் வேர்க்காலுக்கு அது போய்ச் சேராது. கடல்தான் காரணம் என்றால் பிடரியும் காதோரமும் சேர்ந்து கெட்டிருக்க வேண்டும். நெற்றியின் இரு ஓரமும் உச்சியும் மட்டும் காலியாவது பரம்பரை வழுக்கையின் அடையாளம். இது அப்பா வழியாகவும் வரும், அம்மா வழியாகவும் வரும்.

உடம்பில் ஓடும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனில் ஒரு பகுதி, ஒரு நொதியின் வேலையால் டி.எச்.டி. என்ற இன்னொரு ஹார்மோனாக மாறுகிறது. சிலருக்கு நெற்றி, உச்சி வேர்க்கால்கள் பிறவியிலேயே இந்த டி.எச்.டி.யால் எளிதில் பாதிக்கப்படும். பிடரி வேர்க்கால்களை அது ஒன்றும் செய்வதில்லை. சாதாரணமாக ஒரு முடி 2 முதல் 6 வருடம் வளரும், மூன்று மாதம் போல் ஓய்ந்து கிடக்கும், பிறகு உதிரும். அதே குழியில் புது முடி கிளம்பும். டி.எச்.டி. தாக்கிய குழியில் ஒவ்வொரு சுற்றிலும் வளரும் காலம் சுருங்கி, முடி மெலிந்து, கடைசியில் பூனைமுடி ஆகிவிடும். அதனால் சீப்பில் வந்த முடியை எண்ணி எண்ணிக் கவலைப்படாதீர்கள். நாளுக்கு 50 முதல் 100 முடி எல்லோருக்கும் உதிரும். உச்சி முடி ஒன்றையும் பிடரி முடி ஒன்றையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உச்சி முடி கண்ணுக்கே மெல்லியதாகத் தெரிந்தால் விஷயம் அதுதான்.

பூனைமுடி இருக்கும் இடத்தில் வைத்தியம் பலிக்கும். வழவழவென்று மின்னும் தோலில் எந்த மருந்தும் எந்த எண்ணெயும் முடி முளைக்க வைக்காது. நீங்கள் ஒரு வருடத்திலேயே கேட்டிருப்பது நல்ல நேரம்.

முதல் மருந்து 5 சதவீத மினாக்ஸிடில் கரைசல். காலையில் 1 மில்லி, இரவில் 1 மில்லி. 60 மில்லி பாட்டில் சரியாக 30 நாளில் தீர வேண்டும். இரண்டு மாதம் வருகிறது என்றால் அளவு போதவில்லை, காசும் வீண். முடியில் தடவினால் பயன் கிடையாது. வகிடு வகிடாகப் பிரித்துத் தோலில் சொட்டுவிட்டு விரல் நுனியால் பரப்ப வேண்டும், பிறகு கையைக் கழுவ வேண்டும். படகிலிருந்து இறங்கியதும் வியர்வையும் உப்புமாக இருக்கும் தலையில் வைத்தால் எரியும். நல்ல தண்ணீரில் அலசி, துவட்டி, முழுக்கக் காய்ந்த பிறகு தடவுங்கள். அதன்பின் 4 மணி நேரம் தலை நனையக் கூடாது. படுப்பதற்கு 2 மணி நேரம் முன்பே தடவிவிடுங்கள். ஈரத்தோடு படுத்தால் தலையணை வழியாக முகத்தில் பட்டு நெற்றியிலும் கன்னத்திலும் முடி முளைக்கும். தங்கல் (கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போகும் நாட்களில் இரண்டு வேளை முடியாது என்றால் ஒரு வேளையாவது விடாமல் தடவுங்கள். அரிப்பும் செதிலும் வந்தால் பெரும்பாலும் அது கரைசலில் கலந்திருக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் செய்கிற வேலை. அது இல்லாத நுரை வடிவ மருந்துக்கு மாறலாம்.

பலர் தோற்பது மருந்தால் அல்ல, இரண்டாவது மாதத்தில் வரும் பயத்தால். தடவத் தொடங்கிய 2 முதல் 8 வாரத்துக்குள் முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டும். ஓய்ந்து கிடந்த பழைய முடியைப் புது முடி தள்ளிவிட்டு வருவதால் ஏற்படுவது இது. இந்த நேரத்தில் நிறுத்தியவர்களுக்கு நஷ்டம் மட்டுமே மிச்சம். பலன் கண்ணுக்குத் தெரிய 4 முதல் 6 மாதம், முழுதாகத் தெரிய ஒரு வருடம். நிறுத்தினால் 3 முதல் 6 மாதத்தில் வந்தது போய்விடும். அதனால் ஆரம்பிக்கும் முன்பே வருடக்கணக்கில் தொடர முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு படம், அதே இடம், அதே வெளிச்சம், உலர்ந்த தலை. கண்ணாடியை நம்புவதைவிட இது மேல்.

இரண்டாவது, ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஒன்று. டி.எச்.டி. உருவாவதையே இது குறைக்கும். இரண்டு வருட ஆய்வுகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் முடி மேலும் குறையாமல் நின்றது. ஆனால் கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிற மாத்திரை இது அல்ல. நூறில் சிலருக்கு ஆசை குறைவு, விறைப்புக் குறைவு வரும். பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகும், அபூர்வமாக நீடிப்பதும் உண்டு. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் சிலரிடம் பதிவாகியிருக்கின்றன. முன்பே மனச்சோர்வு இருந்தவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்களும் முதலில் சொல்ல வேண்டும். காசை மிச்சப்படுத்த 5 மில்லிகிராம் மாத்திரையை வீட்டில் நான்காக உடைக்கும் பழக்கம் இருக்கிறது. அந்தத் தூளைக் கர்ப்பிணி தொட்டால் வயிற்றிலுள்ள ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைக்காதீர்கள். மாத்திரை சாப்பிடும் வரையிலும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் ரத்த தானம் செய்யக் கூடாது.

பாசி எடுக்கிற வேலை. வயது 34. மூன்று மாதத்துக்கு முன் டெங்கு வந்து படுத்தேன். இப்போது தலை சீவினால் கொத்துக் கொத்தாக வருகிறது. நாள் முழுக்க ஈரத்துணி கட்டிக் கடலில் நிற்பதாலா? மொட்டையாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. (சின்னப்பாலம்)

மொட்டையாக மாட்டீர்கள் அம்மா. உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, திடீரென்று பத்துக் கிலோ எடை குறைவது என எதுவானாலும், அந்த அதிர்ச்சியில் வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு மூன்று மாதம் என்பதால், காய்ச்சல் மறந்துபோன பிறகுதான் கொட்டத் தொடங்கும். உதிர்ந்த முடியின் அடியில் சிறிய வெள்ளைக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வேரோடு, காலம் முடிந்து விழுந்த முடி; குழி பத்திரமாக இருக்கிறது. குமிழ் இல்லாமல் துண்டுதுண்டாக இருந்தால் அது நடுவில் உடைந்த முடி, உப்பும் இழுப்பும் செய்கிற வேலை.

இந்த வகை உதிர்வு 3 முதல் 6 மாதத்தில் தானாக நிற்கும். ஆனால் ரத்தசோகை இருந்தால் நிற்காமல் இழுத்துக்கொண்டே போகும். அதனால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச். இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் உடம்பின் இரும்புக் கையிருப்பு காலி என்று பொருள். மாதவிலக்கு அதிகம் போகிறவர்களுக்கு இது சர்வசாதாரணம், அந்தப் போக்கையும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும்.

இரும்பு மாத்திரை கொடுத்தால் அதை எப்படிச் சாப்பிடுவது என்பதில்தான் பாதி பலன். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதனோடும் சேர்க்காதீர்கள், இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறு அல்லது நெல்லிக்காயோடு சாப்பிட்டால் நன்றாக ஏறும். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமா என்று கேளுங்கள், அப்படிச் சாப்பிட்டாலும் உடம்பு நன்றாகவே உறிஞ்சும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையின் நிறம், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாமல் மேலும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் கையிருப்பு நிரம்பும்.

முடி என்பது பெரும்பாலும் புரதம். 50 கிலோ எடைக்கு நாளுக்கு 40 முதல் 50 கிராம் புரதம் வேண்டும். நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம். சாளையும் நெத்திலியும் வீட்டுக்கு வருகிற ஊரில் புரத மாவு டப்பா வாங்க அவசியமே இல்லை. காலையில் வெறும் டீயோடு கடலில் இறங்கி மதியம் வரை பட்டினி கிடப்பதுதான் மாற்ற வேண்டிய பழக்கம்.

துணி பற்றி: தலைத்துணி முடியை உதிர வைக்காது. ஆனால் ஈரத் துணியை நாள் முழுக்க இறுக்கிக் கட்டினால் தோலில் கொப்புளமும் அரிப்பும் வரும். காய்ந்த பருத்தித் துணியை மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள், கொண்டையை இழுத்து முடியாதீர்கள், கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஆறு மாதம் கழித்தும் கொட்டிக்கொண்டே இருந்தால் தோல் மருத்துவரிடம் வாருங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

என் மகனுக்கு 9 வயது. தலையில் ஐந்து ரூபாய் காசு அளவில் இரண்டு இடத்தில் முடி இல்லை. புழுவெட்டு என்கிறார்கள். குன்றிமணியை அரைத்துப் போடச் சொல்கிறார் ஒரு பெரியவர். போடலாமா? (சாயல்குடி)

குன்றிமணியைத் தொடவே தொடாதீர்கள். அதற்குள் இருக்கும் ஆப்ரின் கொடிய நஞ்சு. மென்று விழுங்கிய ஒரு விதையே குழந்தையின் உயிரை எடுத்துவிடலாம். விரலில் ஒட்டிய விழுது வாய்க்குப் போக எத்தனை நேரமாகும்? நேர்வாளம், மிளகு, பூண்டு என்று இன்னும் சிலதையும் சொல்வார்கள். இவற்றின் தத்துவம், தோலைப் புண்ணாக்கி ரத்த ஓட்டம் கூட்டுவது. புண் ஆழமாகித் தழும்பு விழுந்தால் அந்த இடத்தில் வேர்க்கால் செத்துவிடும். தானாக வளர்ந்திருக்கக்கூடிய இடத்தில் நிரந்தரமாகச் சொட்டை விழுவது இப்படித்தான். பெரியவர் நல்ல மனதோடு சொல்லியிருப்பார். அவர் பார்த்துக் குணமானவர்களில் பலருக்கு எதுவும் போடாமலே குணமாகியிருக்கும்.

மகனுக்கு வந்திருப்பது புழுவெட்டுதானா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும், ஏனென்றால் அந்த வயதில் அதேபோலத் தோன்றும் இன்னொன்று உண்டு. இடம் வழுவழுப்பாக, செதில் இல்லாமல், வலி இல்லாமல் இருந்து, ஓரத்தில் அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகள் தெரிந்தால் புழுவெட்டு. செதில் உதிர்ந்து, அரித்து, முடி தோல் மட்டத்தில் உடைந்து கரும்புள்ளிகளாகத் தெரிந்து, கழுத்தில் நெறி கட்டியிருந்தால் அது தலைப்படை, பூஞ்சைத் தொற்று. சந்தேகம் இருந்தால் இரண்டு முடியைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

தலைப்படை என்றால் களிம்பு மட்டும் போதாது. பூஞ்சை முடிக்குள்ளேயே குடியிருக்கும், களிம்பு அங்கே எட்டாது. க்ரைசியோஃபுல்வின் போன்ற மருந்தைக் குழந்தையின் எடைக்கேற்ப 6 முதல் 8 வாரம் கொடுக்க வேண்டும். பால், முட்டை, வேர்க்கடலை போன்ற கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் உடம்பில் ஏறும். முடி முளைத்துவிட்டது என்று மூன்றாவது வாரத்தில் நிறுத்தினால் திரும்பி வரும். அவன் சீப்பு, துண்டு, தொப்பியைத் தனியாக வையுங்கள், வெந்நீரில் அலசுங்கள், தம்பி தங்கை தலையையும் பார்த்துவிடுங்கள். வீங்கிச் சீழ் கோத்துக்கொண்டால் கட்டி என்று நினைத்துக் கீறிவிடாதீர்கள். அது அந்தப் பூஞ்சைக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு, மாத்திரையில்தான் அடங்கும்.

புழுவெட்டில் புழு எதுவும் கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் வேர்க்காலையே எதிரி என்று எண்ணித் தாக்குகிறது. வேர்க்கால் சாவதில்லை, மயங்கிக் கிடக்கிறது. இரண்டு மூன்று சிறு வட்டம் மட்டும் இருந்தால் பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் தானாக முளைத்துவிடும். முதலில் வெள்ளையாக முளைத்துப் பிறகு கறுக்கும். குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு களிம்பில் ஆரம்பிப்பார்கள். ஊசி தாங்குகிற பெரியவர்களுக்கு டிரையம்சினலோன் என்ற மருந்தைத் தோலுக்குள் சிறு சிறு துளியாக 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். ஒரே இடத்தில் அளவு மீறினால் தோல் குழி விழும். புருவம் போனால், நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள் இருந்தால், பிடரி விளிம்பில் பட்டையாகப் பரவினால் நோய் கடுமையாகலாம், தாமதிக்க வேண்டாம். பாதித் தலைக்கு மேல் போய்விட்ட பெரியவர்களுக்கு பாரிசிட்டினிப் என்ற மாத்திரை இருக்கிறது. அமெரிக்காவில் 2022-ல் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து என்பதால் ஆரம்பிக்கும் முன் காசநோய் இல்லை என்று பரிசோதிக்க வேண்டும், இடையிடையே ரத்தப் பரிசோதனையும் உண்டு.

பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். புழுவெட்டு ஒட்டாது. வகுப்பில் கேலி செய்தால் ஆசிரியரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். இந்த நோயில் குழந்தையை அதிகம் வாட்டுவது அதுதான்.

சபுராளியாக (வெளிநாட்டில் வேலை பார்ப்பவனாக) துபாயில் நான்கு வருடம். போனதிலிருந்து முடி போகிறது. அங்கே கடல் தண்ணியைச் சுத்திகரித்துத் தருவதால்தான் என்கிறார்கள். ஊருக்கு வந்தால் இங்கே போர் தண்ணி. எதில்தான் குளிப்பது? (கீழக்கரை, வயது 29)

உப்பு நீக்கிய தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு, அது முடிக்கு மென்மையானதுதான். நீங்கள் போன வயதும் பரம்பரை வழுக்கை ஆரம்பிக்கும் வயதும் ஒன்றாக அமைந்துவிட்டன, பழி தண்ணீர்மேல் விழுகிறது. அதோடு இரவு ஷிப்ட், நேரம் தப்பிய சாப்பாடு, வேகமாகக் குறைந்த எடை ஆகியவையும் சேர்ந்திருக்கலாம். பாம்பன் வாசகருக்குச் சொன்ன வைத்தியம் உங்களுக்கும் பொருந்தும். மருந்து கொண்டுபோனால் மருத்துவர் சீட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் போர் தண்ணீர் வேறு கதை. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காக முடியில் படியும். முடி விறைத்து, சிக்காகி, சீவும்போது உடையும். வேருக்கு ஒன்றும் ஆகாது. தலைக்குச் சோப்புப் போடுவதை நிறுத்தி ஷாம்பு போடுங்கள். போர் தண்ணீரில் குளித்துவிட்டு, கடைசி இரண்டு சொம்பு மட்டும் காவிரித் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர் ஊற்றினால் போதும். குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவினால் முடி தண்ணீரை உறிஞ்சி ஊதுவது குறையும், உடைவதும் குறையும். எண்ணெயிடம் எதிர்பார்க்க வேண்டியது அவ்வளவுதான். பொடுகு இருக்கிறவர்கள் இரவு முழுக்க எண்ணெய் வைக்காதீர்கள், பொடுகை வளர்க்கும் பூஞ்சைக்கு அது தீனி. 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்புவை நுரைக்க விட்டு 5 நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். வாரம் இரண்டு முறை, நான்கு வாரம்.

ராமேஸ்வரத்தில் மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்று மூன்று முறை போட்டாயிற்று. ஏன் வளரவில்லை? (தங்கச்சிமடம், வயது 31)

கத்தி தோலுக்கு மேலே இருப்பதைத்தான் எடுக்கிறது. வேர்க்காலின் எண்ணிக்கையோ பருமனோ அதனால் மாறாது. வெட்டிய முனை மொட்டையாக இருப்பதால் முளைக்கும்போது தடவினால் தடிமனாகத் தெரியும், நீண்டதும் பழையபடி ஆகிவிடும். வேண்டுதலுக்குப் போடுவது உங்கள் நம்பிக்கை, தாராளமாகப் போடுங்கள். ஆனால் உறை பிரிக்காத பிளேடை உங்கள் கண்முன் பிரித்து மாட்டச் சொல்லுங்கள். பழைய பிளேடால் ஹெப்படைட்டிஸ் பி பரவும்.

வயது 27, திருமணமாகவில்லை. முன்நெற்றிக் கோடு அப்படியே இருக்கிறது, ஆனால் வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போகிறது. மாதவிலக்கும் ஒழுங்காக வருவதில்லை. பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். (தேவிபட்டினம்)

பெண்களுக்கு வரும் பரம்பரை முடி மெலிவு இப்படித்தான் இருக்கும். நெற்றிக்கோடு நிற்கும், நடு வகிடு விரியும். மாதவிலக்கு தவறுவதும், தாடையில் முடி, பருக்களும் சேர்ந்திருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இருந்தால் முடிக்கு மட்டும் மருந்து போட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. மகப்பேறு மருத்துவரும் தோல் மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டியது.

தடவுவதற்கு மினாக்ஸிடில் 5 சதவீதம் நாளுக்கு ஒரு வேளை, அல்லது 2 சதவீதம் இரண்டு வேளை. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதும் பாலூட்டும்போதும் நிறுத்திவிட வேண்டும். மிகக் குறைந்த அளவில் மினாக்ஸிடில் மாத்திரையும் இப்போது கொடுக்கிறோம், பெண்களுக்கு 0.25 முதல் 1.25 மில்லிகிராம். அடிப்படையில் அது ரத்த அழுத்த மருந்து. கணுக்கால் வீக்கம், படபடப்பு, முகத்தில் முடி வரலாம். இதயக் கோளாறு உள்ளவர்கள் சொல்லாமல் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

பயோட்டினை நிறுத்திவிடலாம். அந்தச் சத்துக் குறைபாடு அபூர்வம், குறைபாடு இல்லாதவருக்கு அது முடி வளர்ப்பதற்குச் சான்று இல்லை. இன்னொரு முக்கியமான விஷயம்: அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனை முடிவையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனை முடிவையும் தவறாகக் காட்டிவிடும். ரத்தம் கொடுக்கும் முன் குறைந்தது இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள், ஆய்வகத்திலும் சொல்லுங்கள்.

முடி நடவு செய்யலாம் என்று இருக்கிறேன். சொந்த விசைப்படகு, வயது 38. முன்பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேக்கேஜ் விலை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். எதைப் பார்த்து முடிவு செய்வது, எத்தனை நாள் கடலுக்குப் போகக் கூடாது? (மண்டபம்)

முடி நடவில் புது முடி உண்டாவதில்லை. டி.எச்.டி. தொடாத பிடரி முடியை வேரோடு எடுத்து முன்னால் வைக்கிறார்கள், அவ்வளவே. பிடரியில் இருப்பு எவ்வளவு என்பதுதான் முதல் கணக்கு. வாழ்நாளில் பத்திரமாக எடுக்கக்கூடியது பெரும்பாலோருக்கு 4,000 முதல் 6,000 கிராஃப்ட். ஒரு கிராஃப்ட் என்பது ஒரு முடி அல்ல, 1 முதல் 4 முடி சேர்ந்த கொத்து, சராசரி இரண்டு. விளம்பரத்தில் 4,000 என்று போட்டிருந்தால் முடியா கிராஃப்டா என்று எழுத்தில் கேளுங்கள், பாதி விலை வித்தியாசம் இங்கேதான் ஒளிந்திருக்கும். காலியான இடம் 50 சதுர சென்டிமீட்டர், சென்டிமீட்டருக்கு 40 கிராஃப்ட் என்றால் 2,000 வேண்டும். இந்தக் கணக்கை உங்கள் தலையை அளந்து போட்டுக் காட்டாமல் தொலைபேசியிலேயே விலை சொல்லும் இடம் வேண்டாம்.

ஒவ்வொன்றாகத் துளைத்து எடுப்பது எஃப்.யூ.இ. முறை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளைகள், புள்ளித் தழும்பு. பிடரியில் ஒரு பட்டையாக வெட்டி எடுத்துத் தைப்பது எஃப்.யூ.டி. முறை. கோடு போல் தழும்பு விழும், முடியை ஒட்ட வெட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஒரே பகுதியில் அளவுக்கு மீறித் துளைத்தால் பிடரியே பூச்சி அரித்ததுபோல் ஆகிவிடும், அதற்குத் திருத்தம் மிகக் கடினம்.

யார் செய்கிறார் என்பது விலையைவிட முக்கியம். 2016-ல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர் இறந்துபோனார். மரத்துப்போகப் போடும் ஊசியின் அளவு மீறினால் வலிப்பும் இதய நிறுத்தமும் வரும். பல மணி நேரம் நடக்கும் இந்தச் சிகிச்சையில் திரும்பத் திரும்பப் போடுவதால் கணக்குத் தவற வாய்ப்பு அதிகம். எனவே தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவுச் சான்று சுவரில் மாட்டியிருக்கிறதா, ஊசியும் துளையும் போடுவது பதிவு பெற்ற மருத்துவரா, ஆக்சிஜனும் அவசர மருந்துகளும் அதே அறையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரைகள், தடித்த தழும்பு விழும் உடம்பு எல்லாவற்றையும் முன்பே சொல்லுங்கள். புகையை இரண்டு வாரம் முன்பே நிறுத்துங்கள். புகைத்தால் ரத்த ஓட்டம் குறைந்து நட்டது பட்டுப்போகும்.

நாள் கணக்கு உங்களுக்கு எளிது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதன் முதல் வாரத்தில் செய்துகொண்டால் ஏழு வாரத்துக்கு மேல் கரையில் இருக்கலாம். முதல் நான்கைந்து இரவு தலையை உயர்த்திச் சாய்ந்து தூங்க வேண்டும். மூன்றாம் நாள் நெற்றி வீங்கிக் கண் வரை இறங்கும், இரண்டு மூன்று நாளில் வடியும். தலையில் தண்ணீரை வேகமாக விடாமல் குவளையால் மெல்ல ஊற்ற வேண்டும். பொருக்கைச் சொறிந்தால் கிராஃப்ட் கையோடு வரும். பொருக்கு 10 முதல் 14 நாளில் தானாக உதிரும். கத்திரி வெயில் அந்த நேரத்தில்தான் வருகிறது, அதனால் முதல் பத்து நாள் வீட்டோடு இருங்கள், பிறகு தளர்வான தொப்பியோ குடையோ இல்லாமல் வெளியே போகாதீர்கள். வலை பின்னலாம், ஆனால் கனமான இழுவை வேலையும் கடல் குளியலும் ஒரு மாதம் வேண்டாம். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடைக்காலம் இல்லாததால் இந்த ஒரு மாத வருமானத்தையும் செலவில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

2 முதல் 6 வாரத்தில் நட்ட முடி எல்லாம் உதிர்ந்துவிடும். வேர் உள்ளே இருக்கிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மூன்று நான்கு மாதத்தில் முளைக்கும், முழு உருவம் பெற ஒரு வருடம் ஆகும். இடையில் இருக்கும் பழைய முடிக்கு மினாக்ஸிடிலோ ஃபினாஸ்டரைடோ தொடராவிட்டால் அது பின்னால் பின்வாங்கிப் போய், நட்டது மட்டும் முன்னால் தீவாக நிற்கும். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நாங்கள் நடவைப் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம்: வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று அந்த வயதில் தெரியாது.

பி.ஆர்.பி. ஊசி இலவசம் என்று பேக்கேஜில் சேர்த்திருந்தால் அதற்காக மயங்க வேண்டாம். உங்கள் ரத்தத்தையே சுழற்றித் தட்டணுக்களைப் பிரித்துப் போடுவது அது. சிலருக்குப் பலன் தருகிறது, ஆனால் ஒவ்வொரு இடத்திலும் தயாரிக்கும் விதம் வேறு. வழவழத்த இடத்தில் அதனாலும் முடி வராது.

வயது 58. சொட்டை விழுந்து இருபது வருடம் ஆயிற்று, எனக்கு அதில் குறை இல்லை. பிள்ளைகள்தான் ஏதாவது செய்யச் சொல்கிறார்கள். செய்யத்தான் வேண்டுமா? (வாலிநோக்கம்)

வேண்டியதில்லை ஐயா. பரம்பரை வழுக்கையால் உடம்புக்கு ஒரு கேடும் வராது. உங்களுக்குக் குறை இல்லை என்றால் செலவும் தேவையில்லை. முடி இல்லாத மண்டையில் வெயில் நேராக விழுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். நாலு பக்கமும் விளிம்புள்ள தொப்பி அல்லது தலைப்பாகை, கடலில் இருக்கும்போது எப்போதும். உச்சியில் ஆறாத புண்ணோ, சொரசொரப்பான தடிப்போ நாலு வாரத்துக்கு மேல் இருந்தால் காட்டிவிடுங்கள். சிறுநீர் அடைப்புக்காக ஃபினாஸ்டரைடு 5 மில்லிகிராம் சாப்பிடுகிறவராக இருந்தால், புராஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. பரிசோதனை செய்யும்போது அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் சாப்பிட்டவருக்கு அந்த அளவு பாதியாகக் குறைந்து காட்டும், வந்த எண்ணை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும்.